மொன் பிளாங் மலைமுடி: ஏற்றமும் சான்றும்

மலையை இறைவனின் உறைவிடமாகக் கண்டு, அடிவாரத்தில் நின்று கைகூப்பும் மரபிலே வந்தவர் நாம். யாதொரு பயனுங் கருதாது ஒரு மலையின் உச்சியில் ஏறி நிற்றல் வேண்டுமென மனிதர் விரும்புவதும், அவ்விருப்பத்தின் பொருட்டு உயிரையே பணயம் வைப்பதும் நமக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயின், இவ்வேட்கை ஐரோப்பியரிடத்தும் தொன்றுதொட்டு வந்ததன்று. அல்ப்ஸ் மலைத்தொடரின் அடியில் வாழ்ந்த மக்கள் பல நூற்றாண்டுகளாக அம்மலைகளுக்கு அஞ்சி ஒதுங்கியே வாழ்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அவ்வச்சம் ஆராய்ச்சிக்கு இடங்கொடுத்தது. அம்மாற்றத்தின் எல்லைக்கல்லாக நிற்பது 1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 8ஆம் நாள். அன்று மாலையிலேதான் அல்ப்ஸ் மலைத்தொடரின் மிகவுயர்ந்த முடியாகிய மொன் பிளாங்கில் மனிதரின் காலடி முதன்முதலாகப் பதிந்தது.

இவ்வேற்றத்தை ஆராயப் புகுவோர்க்கு இரு வினாக்கள் எழுகின்றன. உயர்ந்த மலையொன்றில் ஏறுவோனை இயற்கை எவ்வெவ்வாறு தடுக்கின்றது என்பது ஒன்று. அம்முதலேற்றத்தின் புகழ் யாருக்கு உரியது என்பது மற்றொன்று. முன்னையது விஞ்ஞானத்தின்பாற்படும், பின்னையது வரலாற்றின்பாற்படும். பின்னைய வினாவுக்குத் தக்க விடை கிடைக்க நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காலஞ் சென்றது. இவ்விரு வினாக்களையும் முறையே நோக்குவாம்.

மலையும் அதன் சூழலும்

மொன் பிளாங் என்னும் பிரெஞ்சுப் பெயருக்கு வெண்மலை என்பது பொருள். பிரான்சும் இத்தாலியும் சந்திக்கும் எல்லையில் அது அமைந்துள்ளது. அதன் வடபாலுள்ள பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,035 மீற்றர் உயரத்தில், சமொனி என்னும் ஊர் இருக்கின்றது. இன்று அது பிரான்சைச் சேர்ந்தது. முதலேற்றம் நிகழ்ந்த காலத்தில் சார்டினிய அரசரின் ஆட்சிக்குட்பட்ட சவோய் நாட்டிற்கு உரியதாயிருந்தது. சவோய் பிரான்சுடன் இணைந்தது 1860ஆம் ஆண்டிலாகும்.

மலையின் உயரம் எவ்வளவு என்று மாணவரைக் கேட்டால் ஓர் எண்ணைக் கூறுவர். உண்மையில் அவ்வெண் நிலையானதன்று. உச்சியிலுள்ள பாறைமுடி 4,792 மீற்றர் உயரமுடையது. அதனை மூடியுள்ள பனிக்கவிகை காற்றினாலும் பனிப்பொழிவினாலும் வளர்ந்தும் தேய்ந்தும் வருகின்றது. 2001ஆம் ஆண்டு தொடக்கம் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை நிலவளவையாளர் அதனை அளந்து வருகின்றனர். 2007இல் 4,810.90 மீற்றராகவும், 2021இல் 4,807.81 மீற்றராகவும், 2023இல் 4,805.59 மீற்றராகவும் அவர்கள் கணித்தனர். சமொனியிலிருந்து நோக்குவோனுக்கு உச்சி ஏறத்தாழ 3,770 மீற்றர் மேலே நிற்கும். ஊரின் வீட்டு வாயிலில் நின்றே அதனைக் காணலாம். ஆயினும் 1786 வரையும் எவரும் அங்குச் சென்றாரில்லை.

அச்சமும் ஆர்வமும்

சமொனி மக்களுள் இரு சாரார் மலைச்சரிவுகளில் நெடுந்தூரஞ் சென்று பழகியிருந்தனர். ஒரு சாரார் மலையாடுகளை வேட்டையாடுவோர்; மற்றையோர் பாறை இடுக்குகளிலே விளையும் பளிங்குக் கற்களைத் தேடி எடுத்து விற்போர். இவர்களும் பனியெல்லைக்கு மேலே இராத்தங்க அஞ்சினர். பனிமீது ஓரிரவு கழித்தவன் உயிரோடு மீளான் என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. ஒரே பகலில் ஊரிலிருந்து உச்சிக்கு ஏறி மீளுதல் இயலாது. இடையே தங்கவோ நம்பிக்கை இடந்தரவில்லை. எனவே, மலை தன் பனியினாலும் பாறையினாலும் மட்டுமன்றி, மக்களின் மனத்தில் நிலைத்த இவ்வெண்ணத்தினாலும் காக்கப்பட்டது எனலாம்.

1741ஆம் ஆண்டில் வில்லியம் விண்டம், றிச்சட் பொக்கொக் என்னும் ஆங்கிலேயர் சமொனிக்கு வந்து, அங்குள்ள பனிக்கட்டியாறுகளைக் கண்டு எழுதியபின் அவ்வூரின் பெயர் வெளியுலகில் பரவிற்று. 1760இல் ஜெனீவா நகரிலிருந்து இருபது வயதினரான ஓர் இளைஞர் அங்கு வந்தார். அவர்தாம் ஒராஸ் பெனடிக்ற் டி சோசூர். பின்னர் ஜெனீவாக் கல்விக்கழகத்தின் பேராசிரியராகவும், தலைமயிரின் நீட்சியைக் கொண்டு காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானியை ஆக்கியவராகவும் புகழ்பெற்றவர். மொன் பிளாங்கின் உச்சிக்கு வழி கண்டுபிடிப்போர்க்குப் பரிசளிப்பதாக அவர் அறிவித்தார். மலையுச்சியில் நின்று வளிமண்டலத்தை அளத்தல் வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

பரிசு அறிவிக்கப்பட்டும் கால் நூற்றாண்டு கழிந்தது. 1775இல் சமொனி வழிகாட்டிகள் நால்வர் முயன்று திரும்பினர். 1784இல் இருவர் வேறொரு வழியாக உச்சிக்கு அண்மையிலுள்ள மலைமுகடு வரை சென்று, பொழுது சாய்ந்தமையால் மீண்டனர். 1785இல் சோசூர் தாமே முயன்றும் பயன்கிட்டவில்லை. 1786ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேதான் ஒரு திருப்பம் நேர்ந்தது. பளிங்கு தேடும் தொழிலினரான சாக் பல்மா என்னும் இருபத்துநான்கு வயதினர், கூடச் சென்றோரைப் பிரிந்து, உயர்ந்த பனிவெளியிலே தனியே ஓரிரவு கழிக்க நேர்ந்தது. மறுநாள் அவர் உயிரோடு ஊர் மீண்டார். பரம்பரையாக வந்த நம்பிக்கை ஓரிரவில் பொய்த்தது.

உயரம் உடலுக்குச் செய்வன

பனிமேல் இராத்தங்கலாம் என்பது தெளிந்தபின்னும் தடைகள் பல எஞ்சி நின்றன. அவற்றுள் முதன்மையானது காற்றின் ஐதாதல். நம்மைச் சூழ்ந்த காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன். மொன் பிளாங்கின் உச்சியிலும் இவ்விகிதம் மாறுவதில்லை. மாறுவது அமுக்கமே. மேலேயுள்ள காற்றின் பாரமே அமுக்கத்திற்குக் காரணமாதலின், உயரச் செல்லச் செல்ல அது குறைகின்றது. மொன் பிளாங் உச்சியில் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் பாதியிலும் சிறிதளவே கூடியது. ஆகவே, ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலை அடையும் ஒட்சிசன் ஏறத்தாழ அரைவாசியாகின்றது. குருதி ஒட்சிசனை ஏற்றுக்கொள்வதும் அதற்கேற்பக் குறைகின்றது.

இதனை ஈடுசெய்ய உடல் முயல்கின்றது. மூச்சு விரைகின்றது, நாடித்துடிப்பு மிகுகின்றது. சிலநாட்கள் உயரமான இடத்தில் தங்கினால் மூச்சின் சீர் அவ்வுயரத்திற்கு இணங்குகின்றது. வாரங்கள் செல்லுமாயின் குருதியிலுள்ள செங்கலங்களும் பெருகும். இங்ஙனம் இணங்குதற்கு முன்னர் விரைந்து ஏறுவோர்க்குத் தலைவலி, குமட்டல், உணவில் வெறுப்பு, உறக்கமின்மை, நடையில் தளர்ச்சி ஆகியன தோன்றும். நோய் முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கு இறுதி நேரும். அந்நிலையில் தலையாய மருத்துவம் நோயாளியைத் தாமதமின்றிக் கீழே இறக்குவதே. 3,000 மீற்றருக்கு மேல், இரவில் தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேற்படக் கூட்டலாகாது என இன்று அறிவுரை கூறுவர். இந்நோய்க்குக் காரணம் ஒட்சிசனின் அமுக்கக் குறைவே என்பதைப் பரிசோதனைகளால் நிறுவியவர் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் போல் பேர்ற். அவர் தம் பெருநூலை வெளியிட்டது 1878இல். மொன் பிளாங்கில் முதலில் ஏறியோர் இவ்வறிவின் துணையின்றியே ஏறினர்.

இரண்டாவது தடை குளிர். உயரம் 1,000 மீற்றர் கூடுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். பள்ளத்தாக்கிலே கோடைகாலத்து நண்பகலில் வியர்த்து நிற்பவன், உச்சியில் நீருறையும் நிலைக்குக் கீழான குளிரைச் சந்திப்பான். காற்றும் வீசுமாயின் விரல்களும் மூக்கும் காதும் உறைந்து மரத்துப்போகும்.

மூன்றாவது தடை ஒளி. இது பலர் எண்ணிப்பாராதது. உயரத்தில் காற்று ஐதாயிருத்தலால் சூரியனின் ஊதாக்கடந்த கதிர்கள் மிகுதியாக வந்து சேர்கின்றன. புதுப்பனியோ அக்கதிர்களின் பெரும்பகுதியைத் தெறித்து மேலே அனுப்புகின்றது. ஆகவே மேலிருந்தும் கீழிருந்தும் கண்ணைத் தாக்கும் அக்கதிர்கள் கண்ணின் மேற்படலத்தைச் சுட்டுவிடுகின்றன. சில மணி நேரங் கழித்துக் கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற வேதனையும் பார்வையிழப்பும் உண்டாகும். இதனைப் பனிக்குருடு என்பர். ஓரிரு நாட்களில் இது தணியுமாயினும், மலைமேல் பார்வையிழந்தவனின் நிலை கூறவேண்டுவதில்லை.

நான்காவது தடை பனிக்கட்டியாறு. பனிக்கட்டி உறுதியான பொருளாகத் தோன்றினும், தன் பாரத்தினால் அழுத்தப்பட்டு மிக மெதுவாகச் சரிவின்வழியே வழிகின்றது. அதன் உட்பகுதி வளைந்து கொடுக்கும்; மேற்பகுதியோ நொறுங்குந் தன்மையது. சரிவு திடீரெனச் செங்குத்தாகும் இடங்களில் மேற்பகுதி வெடித்து ஆழமான பிளவுகளாகின்றது. புதிதாகப் பொழிந்த பனி அப்பிளவுகளின் வாயை மெல்லிய பாலம்போல் மூடிவிடுகின்றது. இரவின் குளிரில் இறுகியிருக்கும் அப்பாலம் நண்பகல் வெயிலில் இளகி, மிதித்தவனை உள்ளே வீழ்த்தும். மலையேறுவோர் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ புறப்படுதற்கு இதுவும் ஒரு காரணம்.

1786 ஆகஸ்ட் 7, 8

சமொனியின் மருத்துவர் மிசேல் கப்ரியேல் பாக்கார். அவ்வூரிற் பிறந்து, தூரின் நகரில் மருத்துவங் கற்று மீண்டவர். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்பது. தாவரவியலிலும் பாரமானி கொண்டு உயரம் அளத்தலிலும் ஈடுபாடுடைய அவர், மூன்றாண்டுகளாக மலையைத் தொலைகாட்டியால் ஆராய்ந்தும், பலமுறை முயன்றும், வழியைத் தம் மனத்தில் வரைந்துகொண்டவர். அவர் சாக் பல்மாவைத் துணையாகக் கொண்டார்.

ஆகஸ்ட் 7ஆம் நாள் பிற்பகல் இருவரும் புறப்பட்டனர். இரு பனிக்கட்டியாறுகளுக்கு இடையே நீண்டு கிடக்கும் கோட் என்னும் மலைமுதுகின் மேற்பகுதியில், ஒரு பாறையின் மறைவில் அன்றிரவைக் கழித்தனர். மறுநாள் விடியற்காலை 4 மணியளவில் பனிமீது கால்வைத்தனர். அவர்களிடம் கயிறு இல்லை, பனிக்கோடரி இல்லை, காலணியின் அடியிற் பூட்டும் இரும்புமுட் சட்டமும் இல்லை. ஆளுயரத்தினும் நீண்ட ஊன்றுகோல்களே அவர்களுக்குத் துணை. பிளவுகளைக் கடக்கையில் அக்கோல்களைப் பாலமாகக் குறுக்கே கிடத்தினர். இவற்றோடு பாரமானியையும் வெப்பமானியையும் சுமந்து சென்றனர்.

பனிக்கட்டியாறுகள் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள பிளவுகளைக் கடப்பதே பெரும்பாடாயிற்று. அதற்கு மேலே முழங்காலளவு புதையும் மென்பனி. ஒருவர் மாறி ஒருவர் முன்னே சென்று தடம் வகுத்தனர். பெருமேடை எனப்படும் பனிவெளியைக் கடந்து, செம்பாறைகள் எனப்படும் பாறைகளை ஒட்டிய செங்குத்தான பனிச்சரிவில் ஏறினர். மாலை 6 மணி 23 நிமிடத்தில் இருவரும் உச்சியை அடைந்தனர். 34 நிமிடங்கள் அங்கு நின்றனர். பாக்கார் குளிரில் விறைத்த கைகளோடு அமுக்கத்தையும் வெப்பநிலையையும் அளந்து குறித்துக்கொண்டார். 6 மணி 57 நிமிடத்தில் இறங்கத் தொடங்கி, நிலவொளியில் வழிகண்டு, நள்ளிரவளவில் பனியெல்லையைக் கடந்தனர். மறுநாள் காலை பாக்கார் பனிக்குருட்டினால் கண்தெரியாதவராய் ஊர் சேர்ந்தார். பல்மா மலைமீது நின்ற நாளிலேயே அவருடைய கைக்குழந்தை வீட்டில் இறந்துபோயிற்று.

சோசூர் கண்டவை

பரிசு பல்மாவுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1787ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், சோசூர் தாமே உச்சியை அடைந்தார். பதினெட்டு வழிகாட்டிகளும் ஒரு பணியாளரும் அவருடன் சென்றனர். கூடாரம், ஏணி, உணவு, விறகு என்பவற்றோடு ஆய்வுக்கருவிகளையும் அவர்கள் சுமந்தனர். கீழே சமொனியில் அவர் மனைவியார் தொலைகாட்டியிற் கண்வைத்துக் காத்திருந்தார்.

இருபத்தேழாண்டுகள் ஏங்கிய இடத்தை அடைந்தபோது, எதிர்பார்த்த மகிழ்ச்சி தமக்கு உண்டாகவில்லை என்றும், ஒருவகைச் சினத்தோடு பனியைக் காலால் மிதித்ததாகவும் அவரே எழுதியுள்ளார். நீண்ட போராட்டத்தின் களைப்பே அப்போது மேலோங்கி நின்றது. எனினும் நான்கரை மணிநேரம் உச்சியில் தங்கி ஆய்வு நடத்தினார். கடல்மட்டத்தில் மூன்று மணிநேரத்திற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலையை அங்கு நான்கரை மணியிலும் முடிக்க இயலவில்லை. குனிந்து ஒரு கருவியைத் திருத்தினால், நிமிர்ந்து மூச்சு வாங்கவேண்டியிருந்தது. சமொனியில் நிமிடத்திற்கு 72 ஆக இருந்த அவருடைய நாடித்துடிப்பு உச்சியில் 100 ஆயிற்று. நீர் ஏறத்தாழ 86 பாகை செல்சியசிலேயே கொதித்தது. அமுக்கங் குறையக் கொதிநிலையுங் குறையும் என்னும் விதிக்கு இது சிறந்த சான்றாயிற்று. வானின் நீலச்செறிவை அளத்தற்குத் தாமே ஆக்கிய நீலமானியையும் அவர் பயன்படுத்தினார். பாரமானியைக் கொண்டு அவர் கணித்த உயரம் ஏறத்தாழ 4,775 மீற்றர். இக்கால அளவைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்றிலுங் குறைவே.

பனிக்கட்டியாறு திருப்பித் தந்தவை

1820ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஹாமெல் என்னும் உருசிய நாட்டு அறிஞர் தலைமையில் ஒரு குழு ஏறிற்று. பெருமேடைக்கு மேலுள்ள சரிவில் பனி பெயர்ந்து சரிந்தது. மூன்று வழிகாட்டிகள் பிளவொன்றினுள் வீழ்ந்து புதைந்தனர். இத்துயரத்தின் விளைவாக 1821இல் சமொனியில் வழிகாட்டிகள் கழகம் தோன்றிற்று. இத்தகைய கழகங்களுள் உலகிலேயே மூத்தது அதுவே.

பனிக்கட்டியாறுகளின் ஓட்டத்தை அளந்தாராய்ந்த ஸ்கொத்லாந்து அறிஞர் சேம்ஸ் போர்ப்ஸ், அம்மூவரின் உடல்கள் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் பள்ளத்தாக்கிலே வெளிப்படும் எனக் கூறியிருந்தார். 1861இல், விபத்து நடந்து 41 ஆண்டுகளின் பின், பொசோன் பனிக்கட்டியாற்றின் கீழ்ப்பகுதியில் அவர்களின் எச்சங்களும் உடைமைகளும் வெளிப்படலாயின. விபத்தில் உயிர்தப்பிய வழிகாட்டி ஒருவர் முதியவராய் அப்பொழுதும் உயிரோடிருந்து, அவற்றைத் தம் தோழருடையனவென அடையாளங் கண்டார். விஞ்ஞானக் கணிப்பொன்று இத்துணைத் துயரத்தோடு மெய்ப்பட்டது அரிது.

அதே பனிக்கட்டியாறு இந்திய நாட்டினரின் நினைவுகளையுந் தாங்கியுள்ளது. 1950ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாளும், 1966ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாளும், எயர் இந்தியா நிறுவனத்தின் இரு விமானங்கள் மொன் பிளாங்கின் உச்சிக்கு அருகே மோதி அழிந்தன. இரண்டாவதில் இறந்த 117 பேருள் அணுவிஞ்ஞானி ஹோமி பாபாவும் ஒருவர். அவ்விமானங்களின் சிதைவுகளைப் பனிக்கட்டியாறு இன்றும் சிறிது சிறிதாகக் கீழே கொணர்கின்றது. 2012இல் இந்திய வெளிவிவகார அமைச்சின் அஞ்சற்பை ஒன்று அவ்வாறு வெளிப்பட்டது.

உச்சியிலே ஒரு கட்டடம்

பிரெஞ்சு வானியலாளர் சூல் சான்சென், உச்சியில் நின்று சூரியனை ஆராய்தல் வேண்டுமென விரும்பினார். பாறை அத்திவாரம் தேடி 1891இல், குசுத்தாவ் ஈபெலின் பொறுப்பில், உச்சிக்கு ஏறத்தாழ 15 மீற்றர் கீழே பனியைக் குடைந்து சுரங்கம் வெட்டினர், பாறை கிட்டவில்லை. சான்சென் மனந்தளராது 1893இல் பனிமீதே தம் ஆய்வுகூடத்தை எழுப்பினார். அது சாய்ந்தும் அமிழ்ந்தும் போக, 1909இல் கைவிடப்பட்டது. அசையும் பனிமேல் அசையாக் கட்டடம் நில்லாது என்பதை மலை உணர்த்திற்று. சற்றுக் கீழே பாறைமீது சோசெப் வல்லோ என்பவர் 1890இல் அமைத்த ஆய்வுகூடமோ நிலைபெற்றது.

இன்று பெரும்பாலோர் மேற்குப் பக்கமுள்ள கூற்றே முகட்டின் வழியாகவே ஏறுகின்றனர். 3,835 மீற்றர் உயரத்தில் அவர்கள் தங்குதற்கு ஒரு விடுதியுண்டு. அங்குச் செல்லுமுன் கடக்கவேண்டிய பள்ளச்சரிவொன்று கற்கள் விழும் இடமாகப் பேர்பெற்றது. பாறை இடுக்குகளை இறுகப் பிணித்திருந்த உறைபனி, உலகின் வெப்பம் மிகுதலால் இளகுகின்றமையே கல்வீழ்ச்சி பெருகக் காரணம். 2022ஆம் ஆண்டுக் கோடையில் இவ்விடர் மிகுந்தமையால் அவ்வழியிலுள்ள விடுதிகளைச் சிலகாலம் மூடவேண்டியதாயிற்று.

புகழின் வழக்கு

இனி இரண்டாவது வினாவிற்கு வருவோம். ஏற்றம் முடிந்த சில வாரங்களுக்குள்ளேயே, ஜெனீவா வாசியான பூரிற் என்னும் எழுத்தாளர் ஒரு கடிதத்தை அச்சிட்டுப் பரப்பினார். மலையேற்றத்தைப் பற்றி எழுதிப் பெயர் பெற்ற அவர், தாம் ஏறமுயன்று இயலாதவர். அவருடைய கடிதம் பல்மாவை வீரராக உயர்த்தி, பாக்காரைத் தளர்ந்து பின்தங்கியவராகக் காட்டிற்று. பாக்கார் தம் ஏற்றத்தைப் பற்றி நூலொன்று வெளியிடுவதாக அறிவித்தார். ஆயின் அந்நூல் வெளிவரவேயில்லை. அவர் 1827இல் இறந்தார்.

1832இல் புகழ்பெற்ற நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமா சமொனிக்கு வந்து, எழுபது வயதினரான பல்மாவைச் சந்தித்துக் கதை கேட்டார். பல்மா தனியே உச்சியை அடைந்து, பின் கீழே வந்து, சோர்ந்துகிடந்த மருத்துவரை இழுத்துச் சென்றார் என்னும் வரலாறு டூமாவின் எழுத்தாற்றலினால் ஐரோப்பா எங்கும் பரவிற்று. மறுப்புக் கூறப் பாக்கார் உயிரோடில்லை. 1887இல் சமொனியில் எழுப்பப்பட்ட சிலையில் சோசூரும், அவருக்கு உச்சியைச் சுட்டிக்காட்டும் பல்மாவும் நிற்கின்றனர். மருத்துவருக்கு அங்கு இடமில்லை.

உண்மை யாது? முதலாவதாக, 1786 அக்டோபர் 18ஆம் திகதியிட்டு, பல்மாவின் கையொப்பத்தோடு ஒரு வாக்குமூலம் உண்டு. மருத்துவரே வழியைத் தெரிந்தார் என்றும், தடம் வகுப்பதில் பங்கெடுத்தார் என்றும், உச்சியை நெருங்கும்போது அவரை எட்டுதற்குத் தாம் ஓடவேண்டியிருந்தது என்றும் அதிற் காண்கின்றோம். ஆயின் அதனை வெளியிட்டவர் பாக்காரே. எனவே, அவர் பக்கத்துச் சான்று எனச் சிலர் அதனை ஒதுக்கினர். அவர்கள் ஐயத்தையும் நாம் முற்றாகப் புறக்கணித்தல் இயலாது.

இரண்டாவது சான்று இவ்வையத்திற்கு இடந்தருவதன்று. அந்நாளில் செருமன் நாட்டுப் பிரபுவாகிய கெர்ஸ்டோர்ப் என்பவர் தற்செயலாகச் சமொனியில் தங்கியிருந்தார். அவர் தொலைகாட்டியின் வழியே இருவரின் ஏற்றத்தையும் நோக்கி, அவர்கள் எந்த இடத்தை எந்த நேரத்தில் அடைந்தனர் என்பதை நாட்குறிப்பில் எழுதி, சென்ற வழியைப் படமாகவும் வரைந்தார். உச்சியை அடைந்த நேரத்தையும் விட்டுநீங்கிய நேரத்தையும் நாம் நிமிடக் கணக்கில் அறிவது இவராலேயே. பல்மா தனியே உச்சியை அடைந்து, இறங்கிச் சென்று, மருத்துவரை இழுத்துவந்தார் என்பதற்கு அக்குறிப்பில் இடமே இல்லை. இருவரும் ஏறத்தாழ ஒரே வேளையில் உச்சியை அடைந்தனர். கெர்ஸ்டோர்ப்புக்கு இவ்விருவருள் எவரிடத்தும் பகையோ உறவோ இல்லை. வழக்கு எழுமுன்னரே, கண்டதைக் கண்டபொழுதே அவர் எழுதினார்.

மூன்றாவது சான்று பாக்கார் உச்சியில் எடுத்த அளவைகள். இழுத்துச் செல்லப்பட்டு உணர்விழந்து கிடந்தவன் பாரமானியை நிறுத்தி அளவெடுத்தல் கூடாமை வெளிப்படை.

இச்சான்றுகளைத் திரட்டி, சுவிற்சர்லாந்து அறிஞர் டூபி 1913இல் பாக்காரின் பக்கம் நின்று நூலெழுதினார். 1957இல் கிரகம் பிரௌன், கவின் டி பியர் என்னும் பிரித்தானிய விஞ்ஞானிகள் இருவர் எல்லா ஆவணங்களையும் மீண்டும் நுணுகி ஆராய்ந்து, மருத்துவரின் பெருமையை ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டினர். முதலேற்றத்தின் இருநூறாண்டு நிறைவில், 1986இல், சமொனியில் பாக்காருக்கும் சிலை அமைந்தது.

இதனாற் பல்மாவின் பெருமை குன்றுவதன்று. பனிமேல் தனித்து ஓரிரவு கழித்து அச்சத்தை உடைத்தவர் அவர். சுமை சுமந்து, தடம் வகுத்து, நண்பரை விடாது உச்சிவரை சென்றவரும் அவரே. இருவருக்கும் உரியதை ஒருவருக்கே ஆக்கியதுதான் குற்றம். அக்குற்றத்திற்கும் முதுமையின் மறதியைக் காட்டிலும், சுவையான கதையைச் சான்று கேளாது ஏற்றுக்கொண்ட வாசகர் கூட்டமே பெரிதும் பொறுப்பாகும்.

முடிவுரை

மொன் பிளாங்கின் வரலாற்றிலிருந்து மாணவர் கொள்ளத்தக்கவை இரண்டு. பனிமேல் இராத்தங்குவோன் மாள்வான் என்ற நம்பிக்கையை எவரும் நெடுங்காலம் சோதித்துப் பார்க்கவில்லை. ஒருவன் தற்செயலாகச் சோதிக்க, அது வீழ்ந்தது. மருத்துவர் சோர்ந்துகிடந்தார் என்ற கதையையும் எவரும் நெடுங்காலம் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தபோது, அதுவும் வீழ்ந்தது. முன்னதை வீழ்த்த மலையில் ஏறவேண்டியிருந்தது. பின்னதை வீழ்த்த ஆவணங்களின் முன் பொறுமையோடு அமர்தலே போதியதாயிற்று. நம்மிற் பலர்க்கு அல்ப்ஸ் மலையில் ஏறும் வாய்ப்புக் கிட்டாது போகலாம். எழுதப்பட்ட ஒன்றைக் கண்டவுடன், இதனைக் கண்டவர் யார், எப்பொழுது எழுதினார், எதன் பொருட்டு எழுதினார் என வினவும் வாய்ப்போ நம் நூல்நிலையத்தில் நாள்தோறும் உண்டு. அவ்வாறு வினவும் பழக்கத்தை மேற்கொள்வோர், இறந்தபின் பேசமாட்டாத எத்தனையோ பாக்கார்களுக்கு நீதி வழங்கக்கூடியவராவர்.